வினையும் அதன் துணையும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும், உங்கள் மகள் எழுதிய வேலை விண்ணப்பத்தின் நகலும் கிடைத்தன. பணி ஓய்வுக்குப் பிறகும் பிறர் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதால், இதைப் பார்ப்பது எனக்குச் சுமையாக இல்லை.

விண்ணப்பம் நன்றாகவே இருக்கிறது, ஒரு வினை எப்படி, எப்போது நடந்தது என்று சொல்லும் வினையடைகள்தான் இடறுகின்றன. கடுமையாக உழைத்ததைச் சொல்ல வந்து 'வொர்க்ட் ஹார்ட்லி' என்று எழுதியிருக்கிறாள். 'ஹார்ட்' என்பதே அங்கு வினையடை. 'ஹார்ட்லி' என்றால் அநேகமாக இல்லை என்று பொருள். படிப்பவர் வேலை கொடுப்பாரா? 'லேட்', 'லேட்லி' என்பவையும் இப்படியே: முன்னது தாமதம், பின்னது அண்மைக்காலம்.

'ஸ்பீக் ஃப்ளூயண்ட்லி இங்கிலிஷ்' என்பது நம் மொழிப் பழக்கத்தால் வருவது. நாம் வினையடையை வினைக்கு ஒட்டியே வைப்போம். ஆங்கிலமோ வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே அதை நுழைய விடாது. 'ஸ்பீக் இங்கிலிஷ் ஃப்ளூயண்ட்லி' என்பதே சரி. செயப்படுபொருள் நீண்ட தொடராக அமையும்போது மட்டும் இந்தக் கண்டிப்பு தளரும்.

எந்த விதிக்கும் அடங்காதது சொற்சேர்க்கைதான், அதாவது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வழக்கமாகச் சேர்ந்து வரும் என்பது. 'ஸ்ட்ராங்லி ஹோப்' என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் தேர்ந்தவர்கள் 'சின்சியர்லி ஹோப்' என்றே எழுதுவார்கள். 'பிலீவ்' என்பதற்கு 'ஃபர்ம்லி', 'ரிக்ரெட்' என்பதற்கு 'டீப்லி', 'ரெஃப்யூஸ்' என்பதற்கு 'ஃப்ளாட்லி' என்று ஒவ்வொரு வினைக்கும் பழகிய துணை உண்டு. நாமும் வன்மையாகக் கண்டிக்கிறோம், மனமார வாழ்த்துகிறோம்; வன்மையாக வாழ்த்தினால் வாழ்த்துப் பெறுபவர் ஓடிவிடுவார். ஒரு சொல்லை அதனுடன் சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்று ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957-இல் எழுதியதும் இதைத்தான். ஒரே வினைக்கு இரு துணைகள் பொருந்தினாலும் தொனி மாறும்: 'ஹைலி ரெக்கமெண்ட்' என்பதில் பாராட்டு மேலோங்கும், 'ஸ்ட்ராங்லி ரெக்கமெண்ட்' என்பதில் வற்புறுத்தல். ஆகவே சொற்சேர்க்கை அகராதியில் வினைச்சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அதற்குரிய வினையடைகள் அதன் கீழேயே கிடைக்கும்.

'சக்சஸ்ஃபுல்லி கம்ப்ளீட்டட்' என்று மூன்று இடங்களில் இருந்தது. முடித்தாயிற்று என்றாலே போதும் என்பதால், முதற்சொல்லை மூன்றிலும் அடித்துவிட்டேன். அவளுக்கு வருத்தம் இருந்தால் என்னிடமே சண்டை போடச் சொல்லுங்கள். திருத்திய படியை அனுப்பினால் மறுபடியும் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்