மாடி ரூம் சாவி

அன்புள்ள ஆச்சிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம், ஆத்தாவுக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்கு. போன்ல பேசினா பாதியிலேயே அழுதுருவேன்னுதான் டைப் பண்றேன், நிதானமா படிங்க, ஆத்தாட்ட இப்ப சொல்ல வேணாம், நானே வந்து சொல்லிக்கிறேன்.

போன தடவை மாப்பிள்ளை அழைப்பு அன்னிக்கு நான் கீழ இறங்கி வராததுக்கு காய்ச்சல்னு சொல்லி நீங்கதான் சமாளிச்சீங்க. என்ன காய்ச்சல்னு உங்களுக்கும் தெரியும், குடிதான். இங்க வந்தும் அதே கதைதான். சிங்கப்பூர்ல 2015லேர்ந்து ராத்திரி பத்தரைக்கு மேல கடையில சரக்கு விக்கக் கூடாது, நான் பத்து இருபதுக்கு லிஃப்ட்ட பிடிச்சு ஓடுவேன், ஒரு காலுக்கு என் செருப்பு இன்னொரு காலுக்கு வீட்ல உள்ளவ செருப்புன்னு மாட்டிக்கிட்டு ஓடின நாள்கூட உண்டு, கடைக்காரப் பொண்ணு குனிஞ்சு பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.

ஒரு நாள் வீம்புக்கு மொத்தமா நிறுத்தினேன். மறுநாளே கை நடுங்கி காபி டம்ளர் நிக்கல, ஏசியிலயும் சட்டை நனையுது. டாக்டர்ட்ட போனா பிடிச்சுத் திட்டினாரு, வருஷக்கணக்கா குடிச்சவன் பட்டுன்னு நிறுத்தினா வலிப்பு வரும், உயிரே போகும், இதெல்லாம் டாக்டர் பாக்க மாத்திரையோட நிறுத்தணும்னு. (நம்ம பக்கம் ஆள ரூம்ல போட்டுப் பூட்டி வைக்கிறாங்கள்ல, யாராச்சும் அப்படிச் செஞ்சா தடுங்க ஆச்சி.) உடம்புக்கு மருந்து குடுத்தாச்சு, இனி ஒனக்கு மனுஷங்க வேணும்னு சொல்லி ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு ஒரு பேர எழுதிக் குடுத்தாரு, குடிய விட நெனக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடிப் பேசுற அமைப்பு.

நெட்ல தேடினா கூட்டம் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எங்கன்னு லிஸ்ட்டே இருக்கு. ஓபன்னு போட்டிருந்தா யாரும் போய் உக்காரலாம், க்ளோஸ்டுன்னா குடிய விடணும்னு நெனக்கிறவங்களுக்கு மட்டும். முதல் நாள் எதிர்த்த பஸ் ஸ்டாப்ல நின்னு நாலு பஸ்ஸ விட்டுட்டு திரும்பி வந்துட்டேன். அடுத்த வாரம் வாசல்ல சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்த ஒரு சீனக் கிழவரு, மொத தடவையா? வா, காபி இருக்குன்னாரு. அவ்ளோதான், உள்ள போயிட்டேன்.

சர்ச் பின்பக்கத்து ரூம் ஆச்சி, மதம் மாத்திருவாங்களோன்னு பயந்தேன், அப்படி ஒண்ணும் இல்ல, இடம் மட்டும்தான் அவங்களது. கடவுள்னு பேச்சு வருது, ஆனா நீ எப்படிப் புரிஞ்சுக்கிறியோ அதுதான்ங்கிறாங்க, நான் நம்ம பிள்ளையார வச்சுக்கிட்டேன். பிளாஸ்டிக் சேரு, பிஸ்கட் டின்னு, ஒவ்வொருத்தரா பேரச் சொல்லி நான் குடிநோயாளின்னு ஆரம்பிக்கிறாங்க. ஒருத்தர் பேசுறப்ப குறுக்க யாரும் பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. நம்ம வளவுல இத எடுத்திருந்தா பத்து பேரு பதினஞ்சு யோசனை சொல்லியிருப்பாக! கடைசியில ஒரு பை சுத்தி வந்துச்சு, நான் அம்பது வெள்ளிய எடுத்தேன், பக்கத்துல இருந்தவரு ரெண்டு போதும், இல்லாட்டியும் பரவாயில்லன்னாரு. சந்தா கிடையாது, வெளியாள்ட்ட நன்கொடையும் வாங்க மாட்டாங்களாம். அங்க யார் யார் வர்றாங்கன்னு மட்டும் கேக்காதீங்க, வெளிய சொல்றதில்ல.

இந்த அமைப்பு 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சது. பங்கு வியாபாரம் பாக்குற ஆள் ஒருத்தன், வெளியூர் வந்த எடத்துல வியாபாரம் ஊத்திக்கிச்சு, ஓட்டல்ல தனியா நிக்கிறான், அந்தப் பக்கம் பார், இந்தப் பக்கம் டெலிபோன். போனப் போட்டு தன்னைப் போல இன்னொரு குடிகாரன் கிடைப்பானான்னு தேடி, ஒரு டாக்டரப் பிடிச்சான். கொண்டுவிக்கன்னு கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போன ஊர்ல நம்ம ஆளுக எத்தனை பேரு இப்படி நின்னிருப்பாகன்னு தோணுச்சு, அவுகளுக்கு ஏது போன்.

எனக்கு வழிகாட்ட ஸ்பான்சர்னு ஒருத்தர், அங்க குடிய விட்ட பழைய ஆளு. குடிச்சப்புறம் கூப்பிடாத, குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுன்னாரு. ஆயுசு முழுக்க தொட மாட்டேன்னு சத்தியம்லாம் வேணாம், இன்னிக்கு மட்டும் பாருங்கிறாரு. பிள்ளையார் நோன்புக்கு புது வேட்டியிலேர்ந்து ஆத்தா இருபத்தொரு நாளும் நாளுக்கொரு நூலா எடுத்து வைப்பாகள்ல, அந்த நெனப்புதான் வந்துச்சு, இருபத்தொண்ணையும் ஒரே நாள்ல யாரும் உருவுறதில்ல. பத்தொம்பதாவது நாள் நான் குடிச்சேன், மறைக்கல. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணி இன்னிக்கு நாப்பத்தொண்ணு. வீட்ல உள்ளவளும் அல்-அனான்னு குடும்பத்துக்காரங்க கூட்டத்துக்குப் போறா, அங்க என்ன பேசுறான்னு எங்கிட்ட சொல்றதில்ல, சொல்லவும் வேணாம்.

நோன்புக்கு வர்றோம், டிக்கெட் போட்டாச்சு. அத்தான் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வர்றப்ப கார் டிக்கியில எப்பவும் வைக்கிறத இந்தத் தடவை வைக்க வேணாம்னு நீங்களே சொல்லிருங்க, நான் சொன்னா சிரிப்பாக. யாருக்கும் பாட்டில் கொண்டு வரல, கோடாலித் தைலமும் மைலோவும்தான், கோவிச்சுக்கிறவுக கோவிச்சுக்கட்டும்.

இன்னொண்ணு. எங்க மீட்டிங் ஜூம்லயும் உண்டு, இங்க ஏழரைன்னா நம்ம ஊர்ல அஞ்சு மணி. அந்த நேரத்துல வீட்ல கூட்டமா இருக்கும், பட்டாலையில உக்காந்து பேச முடியாது. மாடி ரூம் சாவி ஆத்தா இடுப்புல இருக்கும், ஏதாச்சும் சொல்லி வாங்கி வச்சிருங்க, உள்தாப்பா சரியா விழுதான்னும் பாத்துருங்க. அங்க வைஃபை வருமா?

உங்க தம்பி