பாய் நெய்யுறவங்களையும் எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இதழ்ல பத்தமடை பத்தி வந்த கட்டுரை படிச்சேன், சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர், தாமிரபரணிக் கோரை, புவிசார் குறியீடு எல்லாம் சரியா சொல்லியிருந்தீங்க, ஆனா அந்தக் கோரையில பாய் நெய்யுற பொம்பளைங்களோட கூலி பத்தி ஒரு வரிகூட இல்லையே சார். எங்க சித்தி வீட்டுல பாத்திருக்கேன், கோரையை ஓடுற தண்ணியில நாள்கணக்கா ஊறப்போட்டு, காயவெச்சு, மெல்லிசா கிழிச்சு, நூல் நூலா கோர்க்கணும், பட்டு மாதிரி மெல்லிசா நெய்யுற பட்டுப்பாய்னா ஒண்ணு முடிய வாரக்கணக்காகும், முதுகு ஒடிஞ்சிரும். பிளாஸ்டிக் பாய் விலைக்குக் கேட்டா எப்படிக் கட்டுப்படியாகும், பிள்ளைங்க எப்படி இந்த வேலைக்கு வருவாங்க? நெல்லை பஸ் ஸ்டாண்டுலயும் ரயில்வே ஸ்டேஷன்லயும் மகளிர் குழுக்களே நேரடியா விக்க வாடகையில்லாம ஒரு கடை குடுக்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல நீங்களும் எடுத்துச் சொல்லுங்க.

– ஒரு வாசகர், சேரன்மகாதேவி