புதிய வாகன வானொலிகளில் மத்திய அலையை (ஏ.எம்.) நீக்காதிருக்க ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்:
சரக்கு வேன் ஓட்டுநர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: புதிய வாகனங்களின் வானொலியில் மத்திய அலை வசதியைக் கட்டாயமாக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் அண்மையில் வாங்கிய சரக்கு வேனின் வானொலியில் பண்பலை மட்டுமே உள்ளது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையை அதில் கேட்க வழியில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. அடுத்து வந்த நாட்களில் என் பழைய வேனின் பேட்டரியில் ஓடிய வானொலியைச் சுற்றி நின்றுதான் எங்கள் தெருவினர் திருச்சிச் செய்தியைக் கேட்டார்கள். அந்த வேன் இன்று என்னிடம் இல்லை.

பண்பலை 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குவதால் அதன் அலைநீளம் 3 மீட்டர் அளவே. அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், கோபுரத்தின் உயரத்துக்கு ஏற்ற தொலைவைத் தாண்டியதும், பூமியின் வளைவு மறைக்க, வண்டி ஓட ஓட ஒலி விட்டுவிட்டுக் கேட்டு அடங்கிவிடும். மாறாக 936 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 320 மீட்டர் என்பதால், அது நிலத்தைத் தழுவி வளைந்து வந்து, 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எங்கள் ஊரையும் எட்டுகிறது. உப்பும் ஈரமும் கலந்த கடலோர மண் அதற்கு நல்ல பாதை.

பண்பலையில் பாட்டு தெளிவாகக் கேட்கும் என்பதை மறுக்கவில்லை. மத்திய அலையில், ஒலியானது வானொலி அலையின் வீச்சில், அதாவது அதன் ஏற்ற இறக்க அளவில், ஏற்றி அனுப்பப்படுவதால், மின்னலும் மின்கம்பியும் எழுப்பும் இரைச்சலும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். மின்சார வாகனங்களில், மோட்டாருக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதால் எழும் இரைச்சலும் இதே அலைவரிசைக்குள் விழுகிறது. இதைக் காரணம் காட்டியே சில தயாரிப்பாளர்கள் மத்திய அலையைக் கைவிடுகிறார்கள். ஆனால் கம்பிகளுக்கு உலோக உறையும், இரைச்சலை வடிகட்டும் சுற்றும் பொருத்தினால் இதைப் பெருமளவு தணிக்கலாம். செலவு மிச்சமாகும் என்பதற்காகப் புயல் கரையில் வாழும் மக்களின் காதை அடைப்பது நியாயமன்று.

ஆகவே, இனி விற்கப்படும் மின்சார வாகனங்கள் உட்பட, வானொலி பொருத்தப்பட்ட ஒவ்வொரு வாகனத்திலும் மத்திய அலை வசதி இருக்க வேண்டும் என்றும், எந்தெந்த அலைவரிசைகளை அது ஏற்கும் என்பதை விற்பனையின்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.