கொடி ஏற்றினால் போதுமா?

ஐயா,

சுதந்திர தினம் முடிந்து ஒரு வாரமாகியும் எங்கள் தெருவில் பாலியஸ்டர் கொடிகள் தொங்குகின்றன. ஒன்று காவி வெளுத்து, சாக்கடை ஓரம் கிடக்கிறது. ஏற்றியவர் தேசபக்தர்தான், சந்தேகமில்லை. இறக்க மட்டும் நேரமில்லை போலும்.

2021 டிசம்பரில் கொடி விதியைத் திருத்தும் வரை, கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் தேசியக் கொடி இருக்க வேண்டியிருந்தது. அப்புறம் பாலியஸ்டரும் இயந்திரத் தயாரிப்பும் வந்தன. விலை குறைந்தது, வீட்டுக்கு வீடு கொடி பறந்தது. சரி, அதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கதர்க் கொடியின் பின்னால் உள்ள உழைப்பை மறக்கக் கூடாது. கர்நாடகத்தின் ஹூப்ளி நகரில், பெங்கேரி பகுதியில் அதைத் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீள அகலம் 3:2, சக்கரத்தில் 24 ஆரங்கள், சாயத்தின் நிறம் என எல்லாம் தரச் சோதனைக்கு உட்பட்டவை. பிசகினால் கொடி தேறாது. அந்த உழைப்பையும் நாட்டுப்பற்று என்றுதான் சொல்வேன், மேடைப் பேச்சைவிட ஒரு படி மேலாகவே.

அரசு அலுவலகங்களும் பள்ளிகளுமாவது கதர்க் கொடியே வாங்கட்டும். கிழிந்த கொடியைத் தனி இடத்தில் மரியாதையோடு எரிக்கலாம் என்று விதியே சொல்கிறது. அவற்றைச் சேகரிக்க நகராட்சி வார்டுக்கு ஒரு பெட்டி வைக்கலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு