2024–25 ஆண்டறிக்கை: பூங்காப் புல்தரையும் மற்ற விவரங்களும்

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், குடியிருப்போர் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரைக்கான நம் குடியிருப்போர் சங்க அறிக்கை இது. பொதுக்குழுவில் வாசித்தேன், கேட்க வந்திருந்தவர்கள் 19 பேர். நம் நகரில் வீடுகள் 64. வராதவர்களும் படிக்கட்டும் என்றுதான் வாட்ஸ்அப் குழுவில் முழுவதையும் போடுகிறேன்.

வழக்கமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றி இனிப்பு கொடுத்தோம். கொசுப்புகை இரண்டு முறை அடிக்கப்பட்டது. பொங்கல் கோலப்போட்டி நன்றாக நடந்தது. அக்டோபர் 15 மழையில் ஊரே வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, பாலவாக்கம் மணல் புண்ணியத்தில் நம் தெருக்களில் மறுநாள் காலையே தண்ணீர் வடிந்துவிட்டது.

இனி பூங்கா. "புல்லுக்கு இரண்டு தடவை செலவா?" என்று கேட்டவர்கள் நிறைய பேர், அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

பூங்காவின் நடுவில் இருக்கும் 2,400 சதுர அடிக்குப் புல் போடலாம் என்று சென்ற ஆண்டு பொதுக்குழுவில் முடிவானது. எல்லோருக்கும் செம்மொழிப் பூங்கா மாதிரி வேண்டும், அதுவும் உடனே வேண்டும். ஒரு நர்சரியில் கொரியன் புல்லை ஒரு சதுர அடித் துண்டுகளாகக் கொண்டுவந்து ஒரே நாளில் விரித்துத் தருவதாகச் சொன்னார்கள். கோடை கழியட்டும், முதலில் மண்ணைத் தோண்டிப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். மினிட்ஸ் புத்தகத்தில் அது இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பெரும்பான்மை முடிவு என்பதால் கட்டுப்பட்டேன். கத்திரி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது புல் விரித்தார்கள். முதல் வாரம் போட்டோ எடுக்காதவர்கள் கிடையாது. இரண்டாவது வாரம் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் இருந்த ஓரங்கள் அப்பளம் மாதிரி சுருண்டு மேலே எழும்பின. மே முடிவதற்குள் முக்கால்வாசி வைக்கோல்.

ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தேன், அடியில் ஒரு வெள்ளை வேர்கூட மண்ணுக்குள் இறங்கியிருக்கவில்லை. கடப்பாரையால் குத்தினால் ஒரு சாண் ஆழத்துக்குள் டங்கென்று சத்தம். செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, உடைந்த டைல்ஸ், பெயிண்ட் டப்பா மூடி, எல்லாம் வீடுகள் கட்டும்போது ஒதுக்கிய கழிவு. அதன்மேல் இரண்டு அங்குலம் செம்மண்ணைத் தூவி, புல்லை விரித்து, போர் தண்ணீரைத் தினமும் காலையும் மாலையும் தெளித்திருக்கிறோம். கடலோரத் தண்ணீர், கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,800க்குக் குறைவதே இல்லை. மேலாகத் தெளித்த தண்ணீர் வெயிலில் ஆவியாகி உப்பை மட்டும் மேல்மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது. கொரியன் புல் கெட்ட புல் இல்லை, மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் அது நிதானமாக வளர்கிற ஜாதி, வேர் பிடிக்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை நாம் கொடுக்கவில்லை.

ஜூனில் செயற்குழு அனுமதியோடு மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை புல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு உறுப்பினர் வீட்டில் மகன் அமெரிக்காவிலிருந்து விதைப் பொட்டலம் அனுப்பியிருந்தார், அன்புக்கு நன்றி. ஆனால் அது 15 முதல் 24 டிகிரிக்குள் செழிக்கிற குளிர்நாட்டுப் புல், நம் மே மாதத்தை அது தாண்டாது. நமக்கு வேண்டியது 30 டிகிரிக்கு மேலும் சந்தோஷமாக வளர்கிற புல். அப்படிப் பார்த்தால் கடைசியில் நிற்பது நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகுதான். கல்யாணத்தில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோடுவதுதான் விஷயம். அருகு மண்ணுக்கு மேலே கொடியாகவும் ஓடும், மண்ணுக்கு அடியில் தண்டாகவும் ஓடும். மேலே காய்ந்தாலும் அடியில் உயிர் இருக்கும், ஒரு மழை பெய்தால் எழுந்துவிடும். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். நாங்கள் வாங்கியது நர்சரிகளில் செலக்‌ஷன் ஒன் என்று விற்கிற, இலை மெலிந்த ரகம்.

அருகுக்கு ஒரே குறை, நிழல் ஆகாது. நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அதனால் வேப்பமரத்துக்கும் இரண்டு புங்கமரத்துக்கும் அடியில் மட்டும் பஃபலோ புல் வைத்தோம். அகல இலை, கொஞ்சம் முரடு, நிழலையும் உப்பையும் தாங்கும். (அமெரிக்காவில் பஃபலோ புல் என்று சொல்வது வேறு செடி, இணையத்தில் படித்துவிட்டு என்னிடம் வாதாடியவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.) இதற்கு மேல்கொடி மட்டும்தான், அடித்தண்டு கிடையாது, காயவிட்டால் திரும்ப வராது. மரத்தடிக்குத் தனியாகத் தண்ணீர் விடுவது அதனால்தான்.

ஒரு அடி ஆழம் தோண்டிக் கழிவை எடுத்தோம். ஆறு டிராக்டர் லோடு போனது. செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, உடனே நடாமல் மூன்று வாரம் தண்ணீர் மட்டும் விட்டு வைத்தோம். "வெறும் மண்ணுக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா?" என்று அப்போது பேச்சு வந்தது. விட்டதால்தான் உள்ளே ஒளிந்திருந்த கோரைக் களை முளைத்து வெளியே வந்தது. கோரையை மேலே பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், அடியில் கருப்பு மணி மாதிரி கிழங்கு, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர், அந்த நூலின் முனையில் இன்னொரு கிழங்கு. ஒன்றை விட்டாலும் மறுபடி முளைக்கும். தோட்டக்கார அண்ணனும் நானும் முதல் குறுக்குத் தெரு ஆசிரியை அம்மாவும் குந்தி உட்கார்ந்து இரண்டு பாண்டு நிறையக் கிழங்கு பொறுக்கினோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். மொத்தம் வந்தவர்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் நட்டோம். சாயங்கால இடிமழை கிடைக்கிற மாதம், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் இருக்கும். அக்டோபரில் நட்டிருந்தால் அந்த 15ஆம் தேதி மழை அத்தனையையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். கொடியை மூன்று நான்கு கணு இருக்கிற மாதிரி நறுக்கி, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினோம். முதல் பதினைந்து நாள் மண் காயவிடவில்லை. அப்புறம் வேண்டுமென்றே இடைவெளி கூட்டினோம், தண்ணீரைத் தேடித்தான் வேர் கீழே போகும். இருபதாவது நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "சார், இதை இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தேன், வரவில்லை. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நவம்பருக்குள் தரை மூடிவிட்டது. புயல் மழையில் ஒரு இடத்தில்கூட மண் கரையவில்லை. இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். உச்ச வெயிலில் வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் போதும், நம் பரப்புக்குச் சுமார் 5,600 லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் பாதிகூட இல்லை. வாரம் இரண்டு தடவை, விடியற்காலையில், ஆழமாக விடுகிறோம். உப்பும் வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரிக்காக ராத்திரி கண்விழித்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம், தண்ணீர் குடிக்காத புல்லாகப் பார்த்தது அந்த நினைப்பில்தான்.

வரவு செலவை ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார், பொருளாளர் தனியாக அனுப்புவார். சுருக்கமாகச் சொன்னால், பூங்காச் செலவால் கையிருப்பு குறைந்திருக்கிறது, கடன் இல்லை. முதல் புல்லுக்குப் போன பணத்தைவிட இரண்டாவதற்குப் புல்லுக்கென்று ஆனது மிகக் குறைவு, மண் வேலைக்குத்தான் அதிகம் போனது. 11 வீடுகளிலிருந்து சந்தா வரவேண்டியிருக்கிறது, சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல். பெயர் போடப் போவதில்லை. ஆனால் அந்த 11 வீட்டுப் பிள்ளைகளும் சாயங்காலம் அந்தப் புல்லில்தான் விளையாடுகிறார்கள், விளையாடட்டும், அதற்காகத்தான் போட்டோம். அந்தச் சந்தா வந்தாலே தோட்டக்கார அண்ணனுக்கு முழுநேரச் சம்பளம் கொடுத்துவிடலாம். இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார்.

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்குக் காபி கொடுத்த வீடுகளுக்கும், காவலாளிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். மே மாதம் புல் கொஞ்சம் பழுப்பாகும். செத்துவிட்டது என்று யாரும் ஹோஸைத் திறந்துவிட வேண்டாம், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரையும் ஊற்ற வேண்டாம், அது போர் தண்ணீரைவிட உப்பு. விசேஷத்துக்கு வருகிறவர்களின் காரைப் புல்லில் ஏற்றாதீர்கள், ஜனவரியில் பதிந்த சக்கரத் தடம் மார்ச்சில்தான் மூடியது. புல் வெட்டும் மெஷின் பிளேடைச் சாணை பிடிக்க வேண்டும், மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கிறது, நுனி வெளுத்துப்போகிறது. எனக்கு இது ஐந்தாவது வருஷம், முழங்காலும் முன்போல மடங்குவதில்லை. செயலாளர் பொறுப்பு இல்லாவிட்டாலும் பூங்காவையாவது யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டால் நான் கூடவே இருந்து சொல்லித் தருவேன்.

தென்கிழக்கு மூலையில் கோரை மறுபடி தலைகாட்டியிருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கே இருப்பேன், களைக்கொத்து நான்கு இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்