அம்மா கிட்ட தினமும் பேசலாம், கவலைப்படாம கிளம்பு

டேய் முரளி,

உன் லெட்டர் பார்த்து ரொம்ப சந்தோஷம்டா. ஒரு வழியா உன் பொண்ணைப் பார்க்கக் கிளம்பிட்ட, அதுவும் ஜெர்மனி, சுவிஸ், இத்தாலினு ட்ரெயின்லயே சுத்தப்போறீங்க, கேக்கவே நல்லா இருக்கு. எனக்கு முட்டி வலி இப்போ பரவால்ல, காலைல நடக்க ஆரம்பிச்சுட்டேன்.

சரி, நீ கேட்ட போன் விஷயம். அம்மா கிட்ட தினம் பேசணுமே, பில் எகிறிடுமோனு எழுதியிருந்த. உன் சிம்மைக் கழட்டி வெச்சுட்டுப் போயிடாத, பேங்க் ஓடிபி எல்லாம் அதுலதான் வரும், ரோமிங்ல எஸ்எம்எஸ் வர்றதுக்கு பெரும்பாலும் காசு கிடையாது. கிளம்பறதுக்கு முன்னாடியே ரோமிங் ஆக்டிவேட் பண்ணிடு, ஆனா போன்ல டேட்டா ரோமிங்கை அந்த சிம்முக்கு ஆஃப் பண்ணி வை. நெட்டுக்கு தனியா ஒரு ஈசிம் போட்டுக்கோ, அதாவது கார்டு இல்லாம போனுக்குள்ளயே ஏத்திக்கற சிம். வாட்ஸப் உன் பழைய நம்பர்லயே ஓடும், நம்பர் மாத்தணுமானு அது கேட்டா வேண்டாம்னு சொல்லிடு.

இப்போ நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, கால் ஃபார்வர்டிங், அதாவது உனக்கு வர்ற காலை வேற இடத்துக்குத் திருப்பி விடறது. நீ வெளிநாட்ல இருக்கறப்ப யாராவது கூப்பிடறாங்க, நீ எடுக்கல, கால் வாய்ஸ்மெயிலுக்குப் போகுதுன்னு வெச்சுக்கோ. அந்த கால் முதல்ல உன்னைத் தேடி அங்க வருது, அப்புறம் அங்கேந்து திரும்ப உன் ஊர் வாய்ஸ்மெயிலுக்கே போகுது, வந்ததுக்கு ஒரு சார்ஜ், திரும்பிப் போனதுக்கு இன்டர்நேஷனல் கால் மாதிரி இன்னொரு சார்ஜ், ரெண்டும் உன் தலையில விழலாம், நீ ஹலோ கூட சொல்லியிருக்க மாட்ட! அதனால ஊர்ல இருக்கறப்பவே ##002# அடிச்சு டயல் பண்ணு, எல்லா ஃபார்வர்டிங்கும் கேன்சல் ஆயிடும்.

அம்மா கிட்ட இருக்கறது பட்டன் போன்தானே, அங்கதான் இது ரொம்ப உதவும். ஃபார்வர்டிங் இல்லேன்னா அவங்க தாராளமா மிஸ்டு கால் குடுக்கலாம், நீ எடுக்காத வரைக்கும் பொதுவா காசு கிடையாது. பார்த்துட்டு நீ ஆப் வழியா திருப்பிக் கூப்பிடு. நாம ஸ்கைப்ல கிரெடிட் போட்டு லேண்ட்லைனுக்கெல்லாம் பேசுவோமே, அது 2025 மே மாசத்தோட மூடிட்டாங்க, எனக்கு வருத்தம்தான். ஆனா அதே மாதிரி சாதா போனுக்குக் கூப்பிடற ஆப் வேற இருக்கு, இப்பவே ஒண்ணு போட்டு அம்மாவுக்கு ஒரு தடவை அடிச்சுப் பாரு. புது நம்பர் மாதிரி வந்தா அவங்க எடுக்காம விட்டுடுவாங்க, அதையும் சொல்லி வை.

அங்க போய் லோக்கல் சிம் வாங்கறதா இருந்தா ஒரு விஷயம். ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள்ள 2017 ஜூன்லேந்து ரோமிங் சார்ஜை எடுத்துட்டாங்க, ஜெர்மனி சிம் இத்தாலில அதே ரேட்ல ஓடும். ஆனா நடுவுல இருக்கற சுவிஸ் யூனியன்ல கிடையாது. சில கம்பெனி அதையும் பிளான்ல சேர்த்துக்கும், சிலது சேர்க்காது, வாங்கறப்பவே கேட்டுடு. ட்ரெயின் பார்டர் தாண்டறப்ப போன் அதுபாட்டுக்கு சுவிஸ் நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கும், நீ ஜன்னல் வழியா மலையைப் பார்த்துட்டிருப்ப. ஈசிம் வாங்கினாலும் நாடுகள் லிஸ்ட்ல சுவிஸ் இருக்கானு பாரு.

துபாய்ல ஃப்ளைட் மாறறியா? அங்க வாட்ஸப் கால் போகாது, மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும், போய் இறங்கினதும் பொண்ணுக்கு அதுலயே சொல்லிடு.

உன் போன்ல *#06# அடிச்சுப் பாரு, ஈஐடினு ஒரு நீள நம்பர் வந்தா ஈசிம் போடலாம். வந்துச்சானு எழுது, வரலேன்னா வேற வழி பார்ப்போம். அம்மாவைக் கேட்டதா சொல்லு.

அன்புடன்,
சேகர்