அரசனின் கஜானாவையும் கொஞ்சம் காட்டுங்கள்

கற்பனை ராஜ்ஜியங்களைப் படைக்கும் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாவல்களை ராத்திரி கண்விழித்துப் படிக்கிறவன் நான். வரைபடம், வம்சாவளி, கொடிச்சின்னம் எல்லாவற்றையும் ரசிப்பேன். கடைசி நூறு பக்கத்தில்தான் சலிப்பு தட்டுகிறது. கொடுங்கோலன் என்றால் கோட்டை எரியும், தலை உருளும். நல்லவன் என்றால் அரியணையை விட்டு எழுந்து, இனி ஆட்சி உங்களுடையது என்று கண்கலங்கி அறிவிப்பான். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லையா?

முடியாட்சி ரத்தம் சிந்தாமல் மாறுமா என்ற இடம் வந்தாலே அரசனின் மனசைத் தோண்டத் தொடங்கிவிடுகிறீர்கள். என்னைக் கேட்டால் கஜானாவைத் திறந்து பாருங்கள் என்பேன். பிரான்சில் 1614-க்குப் பிறகு கூடாமலே கிடந்த பிரதிநிதிகள் சபையை மன்னர் பதினாறாம் லூயி 1789-இல் கூட்டியது குடிமக்கள் மேல் பாசம் பொங்கியதால் அல்ல. கடன் கழுத்தை நெரித்தது. கை நீட்டி நிற்கிற அரசனிடம்தான் பேரம் பேச முடியும். அங்கே பேரம் முறிந்தது.

படிந்த கதையும் இருக்கிறது. இங்கிலாந்தில் வாக்குரிமையை விரிவாக்கும் மசோதாவைப் பிரபுக்கள் சபை 1831 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. பிரிஸ்டல் நகரம் பற்றி எரிந்தது, உயிர்கள் போயின. அடுத்த மே மாதம் பிரதமர் கிரே, மசோதாவை ஆதரிக்கும் புதுப் பிரபுக்களைப் போதுமான அளவு நியமிக்கும்படி கேட்டார். மன்னர் நான்காம் வில்லியம் மறுத்தார். கிரே ராஜினாமா செய்தார். மசோதாவை எதிர்த்த வெலிங்டன் டியூக் ஆட்சியமைக்கப் போகிறார் என்றதும் லண்டன் சுவர்களில் சுவரொட்டிகள் முளைத்தன: டியூக்கைத் தடுக்கத் தங்கத்தை எடுங்கள். அவ்வளவுதான். ஜனங்கள் நோட்டுகளோடு வங்கிக்குப் போய்த் தங்கமாகக் கேட்டார்கள். வெலிங்டனால் அமைச்சரவை அமைக்க முடியவில்லை, அரசர் இறங்கிவந்தார். புதுப் பிரபுக்களை நியமிக்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை, எதிர்த்தவர்களில் பலர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். வாக்கு கிடைத்தது சொத்துள்ள ஆண்களில் இன்னும் கொஞ்சம் பேருக்குத்தான், அது வேறு விஷயம். ஆனால் ஒரு வங்கி வரிசையில் இவ்வளவு விறுவிறுப்பு இருக்கும்போது எதற்கு எப்போதும் வாள்சண்டை?

யாரும் நெருக்காமல் விட்டுக்கொடுத்த அரசனே கிடையாதா என்பீர்கள். பூட்டானின் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் ஏறத்தாழ அப்படித்தான். 2006-இல் மகனுக்கு முடியைக் கொடுத்தார், 2008-இல் தேர்தல். மன்னரும் 65 வயதில் ஓய்வுபெற வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். மக்களைப் பழக்குவதற்காக 2007-இல் ஒத்திகைத் தேர்தல் ஒன்று நடந்தது. கட்சிகளுக்குப் பெயராக வெறும் நிறங்கள். 47 தொகுதிகளில் 46-ஐ மஞ்சள் அள்ளியது. மஞ்சள், மன்னருக்குரிய நிறம்! இதை எந்த நாவலாசிரியராவது கற்பனை செய்திருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்பேன். அதே மன்னரின் காலத்தில்தான், 1990-களின் தொடக்கத்தில், நேபாளி பேசும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அந்த நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அமைதியான மாற்றம் என்று எழுதும்போது, அந்த அமைதி யாருக்குக் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்.

கொடுத்ததைப் பிடுங்குகிற அரசனும் உண்டு. ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் 1905-இல் தந்த வாக்குறுதியின்படி கூடிய முதல் டூமாவை, அதாவது நாடாளுமன்றத்தை, 1906-இல் மூன்று மாதம்கூட முடிவதற்குள் கலைத்தார். புரட்சியில் போய் முடிந்த மிச்சக் கதை உங்களுக்கே தெரியும்.

சரி, உங்கள் உலகத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: டிராகன். நெருப்பு கக்கும் மிருகம் கைவசம் இருக்கிறவனுக்கு வரியும் வேண்டாம், படைவீரனும் வேண்டாம், பிறகு எதற்குச் சபையைக் கூட்டுவான்? பிறப்பிலேயே வரும் மந்திரசக்தியும் இதே கதைதான். அரசனை யாருடைய தயவும் தேவைப்படாதவனாகப் படைத்துவிட்டு, புரட்சியைத் தவிர வழியில்லை என்று நீங்கள் கைவிரிப்பது நியாயமில்லை. அந்தப் பூட்டைப் போட்டதே நீங்கள்தான்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த நாவலில் அந்த டிராகனுக்குத் தினமும் தீனி போடுகிறவர்களைக் காட்டுங்கள். அவர்களுக்கு எத்தனை மாதக் கூலி பாக்கி, ஆடு மாடு எந்த ஊரிலிருந்து வருகிறது, கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் ஒருநாள் காலையில் அவர்கள் யாரும் கொட்டடிக்கு வரவில்லை என்று ஓர் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்